மாஸ்டரின் மூன்று புதன்கிழமைகள்

பாதி பிதுக்கிய ஒரு களிம்பு ட்யூபை என் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி மாஸ்டர் கேட்ட அந்த மதியம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒன்பது அறைகள் கொண்ட ஒரு விடுதியில் நான் அப்போது மேனேஜராக இருந்தேன். அவர் அங்கே சமையல் மாஸ்டர். சாப்பாட்டு நேரம் முடிந்து, பாத்திரம் கழுவும் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, என்னை மளிகை அறைக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஆட்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பவர், தனியாக இருந்தால் ‘தம்பி’ என்பார். தென்காசிப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவார், மலையாளம் காதில் பாதி விழும், வாசிக்க வராது. நானோ மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழை வளர்ந்த பிறகு நானாகத்தான் எழுதப் பழகினேன். ட்யூபில் இருந்தது படர்தாமரைக்குத் தடவும் மருந்து. அதைச் சொன்னேன்.

“அப்போ புண்ணுக்குக் கேக்காதா?” என்றார். எந்த இடத்தில் புண் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்க்காமல் மிளகாய் மூட்டையையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு விளங்கிவிட்டது. வலி துளிகூட இல்லை என்றும், நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதால் வந்த சூட்டுக் கொப்புளமாகத்தான் இருக்கும் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். அந்த மாதம் முழுவதும் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தார், சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார், இளநீர்க் கடைக்காரரைப் பின்வாசலுக்கே வரவழைத்தார். ஒரு மாதம் போல ஆனபோது புண் இருந்த இடம் தெரியாமல் ஆறிவிட்டது. அன்று விருந்தினர் யாரும் கேட்காமலே சேமியா பாயசம் வைத்து, முதல் கிண்ணத்தை என் மேசைக்கு அனுப்பினார். சூடு இறங்கிவிட்டது என்று இருவருமே நம்பினோம். அந்த நோயின் சுபாவமே அதுதான், வெளியில் ஆறிக் காட்டிவிட்டு ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

மாஸ்டருக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நடப்பார். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைவிட அவர் தட்டைத்தான் அதிகம் பார்ப்பார். யாருக்கு எது பிடிக்கும் என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார். ஓரம் முறுகிய தோசைதான் எனக்குப் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனாலும் மூன்றாம் நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் வந்தது. அவருக்கு ஊரில் பெண் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். அக்கா பார்த்த சம்பந்தம், தை மாதம் கல்யாணம். அதைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவார்.

துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் அவர் எனக்குத் தோசை வைத்தபோது உள்ளங்கையைப் பார்த்தேன். செம்பு நிறத்தில், பயறு அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். அரிக்கிறதா என்றேன். இல்லை என்றார். பாதத்திலும் இருப்பதாகச் சொன்னார். களிம்பும் மிளகாய் மூட்டையும் உடனே என் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்குத் தோசையைத் தின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. என் டம்ளரை எடுத்துப் போய் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். பணியாளர் கழிப்பறைக்குப் போவதை நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் ரொட்டியும் பழமும் தின்றேன். மூன்றாம் நாள் என் வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று கஞ்சி வைத்து, மேலே சுட்ட அப்பளம் ஒன்றை வைத்து மூடி, மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை நான் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினேன். திரும்பியபோது சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவர் நின்றாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

மறுநாள் அவர் மறுபடி களிம்பு வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த பெண் அவர் கையைப் பார்த்துவிட்டு மருந்து தர மறுத்துவிட்டாள். இது தடவிப் போகிற விஷயம் இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போய்க் காட்டி ரத்தம் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். வேறு கடைக்காரர்களாக இருந்தால் கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அவளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. மாஸ்டர் என் மேசைக்கு வந்து நின்றார். “கூட வாரீங்களா தம்பி? பாஷை தெரியாது. வேற ஒண்ணுமில்ல” என்றார். போனேன். அன்று நான் போனது பிரியத்தால் என்று சொல்ல மாட்டேன். கொட்டிய கஞ்சி உறுத்திக்கொண்டிருந்தது.

போட் ஏறி எறணாகுளம் போய் ஆஸ்பத்திரியைத் தேடிக் கண்டுபிடித்தோம். அந்த அறையின் பலகையில் குஹ்யரோகம் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். குகையா என்று கேட்டார். மறைவானது என்று அர்த்தம் என்றேன். தமிழில் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்டபோது, சின்ன வயதில் குற்றாலம் போன வழியில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அப்பா வாசித்துக் காட்டிய ஒரு சுவரெழுத்து எனக்கு ஞாபகம் வந்தது. பால்வினை நோய். அது கெட்டுப்போன பாலைக் குடித்தால் வரும் வியாதி என்று பல வருஷம் நம்பியிருந்தேன் என்று சொன்னேன். அந்த வரிசையில் நின்றுகொண்டு மாஸ்டர் சிரித்தார். கையில் புள்ளி வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. பேச்சில் அவசரமோ கண்டிப்போ இல்லை. பரிசோதித்துவிட்டு, ரத்தம் எடுக்க அனுப்பி, முடிவு வந்த பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இதன் பெயர் சிபிலிஸ். ஒரு கிருமியால் வருவது, சூட்டால் வருவதில்லை. உடலுறவு வழியாகத் தொற்றும். முதலில் வலியில்லாத புண் வந்து தானே ஆறும், சில வாரம் கழித்து இப்படித் தடிப்பு வரும், அதுவும் தானே மறையும். மறைந்துவிட்டது என்று விட்டுவிட்டால் வருஷங்கள் கழித்து இதயத்தையும் மூளையையும் நரம்பையும் போய்த் தாக்கும். இப்போது வந்ததால் பென்சிலின் ஊசியில் முழுக்கக் குணமாகிவிடும். அதற்கு மேல் நான் ஒரு கேள்வி கேட்டேன். சாப்பாடு வழியாகப் பரவுமா என்று இவர் கேட்கிறார் என்றேன். மாஸ்டர் அப்படி எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். பிளேட்டு, கிளாஸ், துடைக்கிற தோர்த்து, கக்கூஸ் எதிலும் பரவாது, நீங்கள் தாராளமாகச் சமைக்கலாம் என்றார். அந்த அளவு மலையாளம் மாஸ்டருக்குப் புரியும். அவர் திரும்பி என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டர், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவியோ, பழக்கமுள்ள வேறு பெண்ணோ. யாரும் இல்லை என்றார் மாஸ்டர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இது யார்கிட்டேருந்து வந்ததுங்கற கணக்கு எனக்கு வேண்டாம். யாருக்குப் போயிருக்கலாம்ங்கறது மட்டும் போதும்” என்று அவர் சொன்னதை நான் தமிழாக்கினேன். பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது, ஒரு கஷ்டமும் இல்லாமலே நோய் இருக்கும், கர்ப்பமானால் குழந்தைக்கும் போகும் என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். முன்கையில் சின்னதாக ஒரு ஊசி போட்டு ஒவ்வாமை இல்லை என்று பார்த்துவிட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் பெரிய ஊசி போட்டார்கள். எச்.ஐ.வி.க்கும் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், முழுக்க ஆறும்வரை உறவு கூடாது, பிறகும் ஆணுறை இல்லாமல் கூடாது என்று சொல்லி ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். ஆணுறை என்ற சொல் எனக்கு நேரத்துக்கு வாயில் வரவில்லை. உறை, உறை என்று இரண்டு முறை சொன்னேன். தலையணை உறையா என்பது போல மாஸ்டர் பார்த்தார். நர்ஸ்தான் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார்.

திரும்பி வரும்போது போட்டில் அவரால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுக்கு குடோனில் சுக்கு பொறுக்கும் வேலை செய்யும் ஒரு சேச்சி. அவளும் மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழ்க்காரி. புருஷன் இறந்து ஏழு வருஷம், குழந்தை இல்லை. விடுதிக்குச் சுக்கு வாங்கப் போய் வந்த பழக்கம். இரண்டு வருஷமாகிறது, யாருக்கும் தெரியாது. அவளோடு தெருவில் பத்தடி சேர்ந்து நடந்ததுகூட இல்லை. ஆனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போன வழியில், கூட வந்தவர்களோடு ஒரு லாட்ஜில் தங்கி, ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போயிருக்கிறார். அதை அவளிடம் சொல்லவில்லை. ஊரில் பெண் நிச்சயமானதையும் சொல்லவில்லை. யாரும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “வாயிலேருந்து எப்படி வந்துது தம்பி, யாருமில்லன்னு?”

சாயங்காலம் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. முதல் ஊசிக்கு அப்படி வரலாம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு விருந்தினருக்கு வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து நானே கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றி இரண்டு பேரும் குடித்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதையும் பேச்சில் எடுக்கவில்லை. உப்புப் போதவில்லை என்று மட்டும் சொன்னார். நான் போய் உப்பு எடுத்து வந்தேன்.

காய்ச்சல் விட்டதும் குடோனுக்குப் போனோம். நான் எதிரே சாயாக் கடையில் நின்றுகொண்டேன். உணவு இடைவேளை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கையிலிருந்த சுக்குத் தூசியைத் துடைத்துக்கொண்டே சேச்சி வாசலுக்கு வந்தாள். முதலில் அவள் முகத்தில் இருந்தது பயம். பகல் வெளிச்சத்தில் அவர் தன்னைத் தேடி வந்துவிட்டாரே என்ற பயம். அவர் சொல்லச் சொல்ல அவள் அசையாமல் நின்றாள். மூட்டை ஏற்ற வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவள் பேசியது தெருவுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. “சீக்குக்கு ஊசி உண்டல்லே, அத விடுங்க மாஸ்டரே. அங்க பொண்ணு நிச்சயம் பண்ணினத என்னிக்குச் சொல்றதா இருந்தீங்க?” அவள் உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பையோடு வெளியே வந்து, அரை நாள் லீவு சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிக்கு எந்த போட் என்று அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

அவளுக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும், என் உதவி தேவையே இல்லை. ஆனாலும் தனியாக அவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. போட்டில் அவள் முன்பக்கம், அவர் பின்பக்கம். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் ஒரு ஓரம், அவர் மறு ஓரம், நடுவில் நான். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒரே இடத்தில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்தது அன்றுதான் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அவள் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை, ஒரு நாள் காய்ச்சலும் வந்ததில்லை. ரத்தத்தில் நோய் இருந்தது. எப்போது தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அவளுக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்றார் டாக்டர். அன்று புதன்கிழமை. ஊசி போடும் முன் கர்ப்பமா என்றும் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை. நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை விடுதியில் ஆள் நிறைந்திருந்ததால் நான் போகவில்லை. அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மாஸ்டர் வந்து சொன்னார். ஊசி போட்டுக்கொண்டு நடக்க முடியாமல் வந்தவள், அவர் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டு, பையை மட்டும் அவரிடம் கொடுத்தாளாம். அந்தப் பை கனமாக இருந்ததா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். தண்ணீர் பாட்டிலும் குடையும்தான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வாரம்தான் அக்காவுக்கு ஃபோன் செய்து கல்யாணத்தை நிறுத்தச் சொன்னார். ஃபோனில் சொன்னால் போதாது என்று தோன்றி, ஊருக்கே போய்ப் பெண்ணின் அப்பா முன்னால் நின்று, தப்பு என்னுடையது, இங்கே எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். நோயைப் பற்றி அங்கே சொல்ல வேண்டிய தேவை இல்லை, சொல்லவும் இல்லை. கிடைத்த வசவுகளை என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாமே சரியான வசவுகள் என்றார்.

மூன்றாவது புதன்கிழமை சேச்சி என்னையும் வரச் சொல்லியிருந்தாள். ஊசி முடிந்து திரும்பும் போட்டில் மூவரும் ஒரே வரிசையில் இருந்தோம். வில்லிங்டன் தீவைத் தாண்டும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் கர்ப்பமா என்று பார்த்தபோது, ஒரு நொடி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதாகவும், அடுத்த நொடியே அந்தப் பிள்ளைக்கு இது போயிருக்குமே என்று நடுங்கிப்போனதாகவும், இல்லாத ஒரு பிள்ளைக்காக இப்படி இரண்டுமாகத் தவித்தது வாழ்நாளில் அன்றுதான் என்றும் மெதுவாகச் சொன்னாள். மாஸ்டர் அழுதார். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “இனி ஒளிஞ்சு ஒளிஞ்சு வர வேண்டாம். வரதா இருந்தா பகல்ல வாங்க, எல்லாரும் பாக்க வாங்க. இல்லேன்னா வேண்டாம். அதுக்குத்தான் இவரையும் கூட்டிண்டு வந்தேன், இவர் கேக்கட்டும்னு.” மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கியதும் இருவரும் முன்னால் நடந்தார்கள். ஊசி போட்ட இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து அவள் நடக்க, அதற்கேற்ப அவரும் மெதுவாக நடந்தார். பஜார் முழுக்கக் கடைகள் திறந்திருந்த நேரம். நான் வேண்டுமென்றே பின்தங்கிக்கொண்டேன்.

அவர்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம் என்று இருவரும் போய் ரத்தம் கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் நோயின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வருஷம் அவள் கர்ப்பமானபோது, முதல் நாளே நர்ஸிடம் தானாகவே பழைய சீட்டுகளை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னாளாம். நர்ஸ், இப்படிச் சொல்லிவிட்டால் எங்களுக்குப் பாதி வேலை குறைந்தது என்றாராம். பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அக்கா ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, குழந்தையைப் பார்க்க வந்தபோது சமாதானமானாள். இப்போது தோப்பும்படியில், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். நான் விடுதியை விட்டு வேறு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். தினமும் ஃபோனில் பேசிக்கொள்கிறோம். மண்டபம், புடவை, யார் வீட்டில் எந்த மாமா கோபித்துக்கொள்வார் என்றெல்லாம் பேசிய பிறகும், கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் கேட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றேன்.

“என் மேல சந்தேகமா?” என்றாள்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நோய் இருந்தாலும் ஆளைப் பார்த்தால் தெரியாது, தெரிந்தால் மருந்து உண்டு, அவ்வளவுதான் என்றேன். முதலில் என் ரத்தத்தைத்தான் கொடுப்பேன் என்றேன். “இத நானே கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துப்பேளோன்னு விட்டுட்டேன்” என்றாள். பிறகு, இதையெல்லாம் கேட்க எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரு சமையல் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். எங்கே, எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லவில்லை. அவளும் அதையெல்லாம் கேட்கவில்லை. சனிக்கிழமை போவது என்று முடிவு செய்துவிட்டு, ஃபோனை வைக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவா ரெண்டு பேரும் இப்போ நன்னா இருக்காளா?”

“நன்னா இருக்கா” என்றேன்.